மதுரையின் பெயர் தாங்கிய கால்



உலகின் எந்த மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் தோல் நோய்ப் பாடநூலில் மதுரையின் பெயர் இருக்கும். மீனாட்சியம்மன் கோவிலையும் குண்டுமல்லியையும் கேள்விப்பட்டிராத மெக்சிகோ மாணவனுக்கும் சூடான் மாணவிக்கும் ‘மதுரா ஃபுட்’ தெரியும். ஊருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள முடியாத பெயர்தான். முடிச்சு முடிச்சாக வீங்கி, பல இடங்களில் துளை விழுந்து, மாதக்கணக்கில் சீழ் வடியும் ஒரு காலுக்கு வைத்த பெயர் அது.

1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இந்தக் காலைத் தனியொரு நோயாக அடையாளம் கண்டு எழுதினார். அதற்கு முன்பும் நோய் இருந்தது. வடமொழி மருத்துவ மரபு இதைப் பாதத்தில் எழும் புற்றாகவே பார்த்தது. கறையான் புற்றைப் போல மேலே மேடும் உள்ளே வாய்க்கு வாய் இணைந்த வழிகளுமாக இருப்பதைக் கண்ணால் கண்டவர்கள்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும். 1846இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியிலிருந்து காட்ஃப்ரே என்பவர் இதைப் பற்றி லான்செட் இதழுக்கு எழுதினார். அதே காலத்தில் மதுரையிலிருந்த கோல்ப்ரூக் என்ற மருத்துவர் ஊர்ப் பெயரையே நோய்க்குச் சூட்டினார். அது அப்படியே நின்றுவிட்டது.

அடுத்து வந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். ‘கிரேஸ் அனாடமி’ என்ற புகழ்பெற்ற உடற்கூறு நூலைத் தெரியாத மருத்துவர் கிடையாது. 1858இல் வந்த அந்த நூலுக்குப் படங்கள் வரைந்தவர் இந்தக் கார்ட்டர். எழுதியவர் பெயர் உலகமெங்கும் பரவ, வரைந்தவர் அதே ஆண்டில் பம்பாய்க்குக் கப்பலேறி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவர் கையில் கிடைத்தவை, வெட்டி எடுக்கப்பட்ட இத்தகைய கால்கள். அவற்றை அறுத்துப் பார்த்தார், வரைந்தார். சீழில் வரும் குருணைகளைக் கறுப்பு, வெளிர் நிறம் என்று பிரித்தார். பூஞ்சைதான் காரணம் என்று முடிவுகட்டி 1860இல் ‘மைசெட்டோமா’ என்று பெயரிட்டார். 1874இல் இதற்கென்றே ஒரு தனி நூலும் எழுதினார்.

அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி வெளிவர இருபது ஆண்டுகள் ஆயின. 1894இல் அல்ஜீரியாவில் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், வெளிர் நிறக் குருணை ஒன்றிலிருந்து கிருமியைத் தனியே வளர்த்தெடுத்தார். அதற்கும் மதுரையின் பெயர்தான் கிடைத்தது. இன்று அது ‘ஆக்டினோமடுரா மடுரே’ என்று அழைக்கப்படுகிறது. பூஞ்சையைப் போல நூல் நூலாகக் கிளைவிட்டாலும் அது பாக்டீரியா.

இந்த வேறுபாடு ஏட்டளவில் முடிகிற சங்கதியாக இருந்தால் இந்த மேடையில் அதைப் பேச வேண்டியதில்லை. காலை எடுப்பதா வைப்பதா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. பூஞ்சையால் வந்த மதுரைக் காலுக்கு ஓராண்டுக்கும் மேலாகப் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை தேவைப்படும். கூடவே அறுவை சிகிச்சையும் தேவைப்படும். அப்படியும் கைவிட்டுப் போவது உண்டு. பாக்டீரியாவால் வந்ததோ, சரியான ஆன்டிபயாடிக் கிடைத்தால் பெரும்பாலும் கத்தி படாமலே ஆறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு காலும் ஒன்றுபோலவே இருக்கும். அனுபவப்பட்ட கண்ணும் ஏமாறும்.

நோய் வரும் வழி மிகச் சாதாரணமானது. வெறுங்காலோடு வயலிலோ மேய்ச்சல் காட்டிலோ நடக்கும்போது முள் குத்துகிறது. முள்ளோடு மண்ணும், மண்ணோடு கிருமியும் தோலுக்கடியில் போகின்றன. முள்ளைப் பிடுங்கி எறிந்தவர் அன்று மாலையே அதை மறந்துவிடுவார். மாதங்கள் கழித்து, சில சமயம் ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் வலியில்லாத கட்டி ஒன்று கெட்டியாகத் தட்டுப்படும். பிறகு வீக்கம் பரவும், தோல் உடையும், புரையோடும். ஒரு வாய் மூடினால் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரிக்கும். நோயாளிகளில் பெரும்பாலோர் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட உழைப்பாளிகள்.

வலிக்காததுதான் இந்த நோயின் பெரிய சூழ்ச்சி. வலித்தால் மனிதர் மருத்துவரிடம் ஓடியிருப்பார். வலிக்காத வீக்கத்தோடு நாற்று நடலாம், ஆடு மேய்க்கலாம், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போடலாம். கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் “ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தாய்?” என்று அதட்டும் மருத்துவரைக் கண்டு பயந்தே பலர் அடுத்த முறை வராமல் நின்றுவிடுகிறார்கள்.

சரி, வந்தவரின் காலில் இருப்பது பூஞ்சையா பாக்டீரியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலை உயர்ந்த கருவி வேண்டுமே என்று நினைக்கத் தோன்றும். முதல் படிக்கு ஒரு துணித்துண்டு போதும்.

இரவில் உப்புநீரில் நனைத்த காஸ் துணியைப் புரைவாயின் மீது வைத்துக் கட்டி, காலையில் பிரிக்கிறார்கள். துணியில் சீழோடு சீழாகக் கடுகிலும் சிறிய குருணைகள் ஒட்டியிருக்கும். அவற்றை ஊசி முனையால் பொறுக்கி, உப்புநீரில் கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்து இன்னொரு தகட்டால் அழுத்தி நசுக்க வேண்டும். மெத்தென்று நசுங்குகிறதா, நறநறவென்று உடைகிறதா என்பதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. நிறம் இன்னொரு துப்பு. கறுப்பு என்றால் பூஞ்சை, அதில் சந்தேகமில்லை. சிவப்பு என்றால் ‘ஆக்டினோமடுரா பெல்லெட்டியரி’ என்ற பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ வந்தால்தான் தலைவலி. இரண்டு தரப்பிலும் அந்த நிறம் உண்டு.

அப்போது நுண்ணோக்கி பேசும். நசுக்கிய குருணைக்குக் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால், பாக்டீரியாவின் இழைகள் ஊதா நிறத்தில் மிக மெல்லியதாக, ஒரு மைக்ரான் அளவுக்குள் தெரியும். பூஞ்சையின் இழைகள் அவற்றைப் போலப் பல மடங்கு தடிமன். அருகருகே வைத்துப் பார்த்த எந்த மாணவரும் பிறகு குழம்புவதில்லை. இதற்கு மேலே இன்னொரு சாயம் இருக்கிறது. காசநோய்க் கிருமிக்கு ஏற்றும் அதே சிவப்புச் சாயத்தை ஏற்றி, வழக்கமானதைவிட வீரியம் குறைந்த அமிலத்தால், அதாவது ஒரு சதவீதக் கந்தக அமிலத்தால் கழுவினால், இந்த நோயைத் தரும் இன்னொரு பாக்டீரியாவான ‘நோகார்டியா’ சிவப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். ஆக்டினோமடுரா நிறத்தை விட்டுவிடும். வழக்கமான வீரியத்தில் கழுவினால் நோகார்டியாவும் வெளுத்துப் போய், கையில் கிடைத்த துப்பு நழுவிவிடும்.

கல்ச்சர் செய்வதிலும் இதே போன்ற ஒரு பொறி இருக்கிறது. சாதாரணச் சீழ் கல்ச்சரை லேப் இரண்டு நாள் பார்க்கும். எதுவும் முளைக்கவில்லை என்றால் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதித் தட்டைக் கொட்டிவிடும். நோகார்டியாவுக்கு அந்த அவசரம் கிடையாது. அது ஒரு வாரம் எடுக்கும், சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். மருத்துவர் சீட்டில் ‘நோகார்டியா சந்தேகம், மூன்று வாரம் வைத்திருக்கவும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் தட்டு குப்பைக்குப் போயிருக்காது. அபூர்வக் கிருமிகள் பலவும் இப்படித்தான் கை தப்புகின்றன. கண்டுபிடிக்கும் வித்தை நம் ஊர்களிலேயே இருக்கிறது. தேடச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

சிகிச்சையின் கதையில் மெக்சிகோ வருகிறது. அந்த நாட்டில் மதுரைக் கால் நோயில் பெரும்பங்கு பாக்டீரியா வகை, அதிலும் முக்கியமாக ‘நோகார்டியா பிரேசிலியென்சிஸ்’. மான்டெர்ரே நகரின் தோல் மருத்துவர் ஒலிவேரியோ வெல்ஷ் 1987இல் வெளியிட்ட முறை இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரால் வழங்குகிறது. மூன்று வாரம் அமிக்கசின் ஊசி, அதோடு ஐந்து வாரம் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை. இது ஒரு சுற்று. இடையில் சிறுநீரகத்தையும் காதையும் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த சுற்று. எலும்பு வரை போன நோயும், முதுகிலும் மார்பிலும் ஏறிய நோயும் இதில் ஆறியிருக்கின்றன.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். ராமம் தலைமையில் அவர்கள் 2000இல் முதலில் வெளியிட்டதும், 2007இல் எளிமைப்படுத்தியதும் இரண்டு கட்டச் சிகிச்சை. முதல் கட்டம் சில வாரம் ஆஸ்பத்திரியில் ஊசியோடு கடுமையாக நடக்கும். இரண்டாம் கட்டம் வீட்டிலிருந்தபடி மாத்திரை. புதிய வடிவத்தில் ஜென்டமைசினும் கோ-டிரைமாக்சசோலும் முதலில் வரும். பிறகு டாக்சிசைக்ளினும் கோ-டிரைமாக்சசோலும் தொடரும். புண் ஆறிய பின்னும் ஐந்தாறு மாதம் அதை நிறுத்தக் கூடாது. இந்த மருந்துகள் எல்லாமே பழையவை, விலை மலிவானவை. மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்து இதில் ஒன்றும் இல்லை.

அமிக்கசின் எங்கிருந்து வந்தது என்பது ஒரு சுவையான கிளைக்கதை. முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் மண்ணில் வாழும் ‘ஸ்ட்ரெப்டோமைசஸ்’ இனப் பாக்டீரியாக்கள். அவற்றில் ஒன்றிலிருந்துதான் ஜப்பானிய அறிஞர் ஹமாவோ உமேசாவா 1957இல் கனமைசினைப் பிரித்தார். அமிக்கசின் அதன் வழித்தோன்றல். நோகார்டியாவும் ஸ்ட்ரெப்டோமைசசும் ஒரே பெருங்குடும்பத்துப் பங்காளிகள். ஒரு பங்காளி காலைக் கெடுக்கிறது, இன்னொரு பங்காளியின் சரக்கு அதைக் குணப்படுத்துகிறது.

மருந்து மலிவு என்பதால் விளையாட்டாக எடுத்துவிடக் கூடாது. அமிக்கசின் காதைக் கெடுக்கும். முதலில் மெல்லிய உச்ச ஒலிகள் கேட்காமல் போகும், நோயாளிக்கே அது தெரியாது. அதனால்தான் ஊசி தொடங்குமுன் செவித்திறன் சோதனை. சிறுநீரகமும் அடி வாங்கலாம். கோ-டிரைமாக்சசோல் சல்பா வகையைச் சேர்ந்தது. உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இத்தனை கண்காணிப்பு தேவைப்படும் மருந்தை ‘எதற்கும் போட்டுப் பார்ப்போம்’ என்று தொடங்க முடியாது. குருணையை நசுக்கிப் பார்த்த பிறகுதான் மனசாட்சியோடு ஊசி போட முடியும்.

மதுரைக் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் முள் குத்தும் கிராமத்தாரின் பிரச்சினை என்று நகரத்தார் ஆறுதல் அடையக் கூடும். அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது.

2000ஆம் ஆண்டு வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு நக அலங்காரக் கடை. பெண்கள் வந்து, சுழல்நீர்த் தொட்டியில் காலை ஊறவைத்து, நகத்தைச் சீராக்கிக்கொண்டு போவார்கள். வாரங்கள் கழித்து ஒவ்வொருவராக முழங்காலுக்குக் கீழே கொப்புளங்களோடு மருத்துவரிடம் வந்தார்கள். மொத்தம் 110 பேர். வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் மசியவில்லை. விசாரணைக் குழு கடைக்குப் போய்த் தொட்டிகளைக் கழற்றிப் பார்த்தது. தண்ணீரை உள்ளிழுக்கும் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் அப்பிக் கிடந்தன. கடையிலிருந்த பத்துத் தொட்டிகளிலும் ‘மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூயிட்டம்’ வளர்ந்தது. காசநோய்க் கிருமியின் உறவு அது, ஆனால் குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் சாதாரண ஜீவன். கடைக்கு வருமுன் காலில் ரேஸரால் முடி மழித்தவர்களுக்கே நோய் அதிகம் வந்திருந்தது. சிறு கீறல்தான் வாசல்.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்குச் சாம்பல் நிறம் பூசிய இடத்தில் மட்டும் சிவந்த பருக்கள் கிளம்பின. 2012இல் வெளியான ஆய்வு 19 பேரைக் கணக்கிட்டது. மற்ற நிறங்கள் பட்ட தோல் சுத்தமாக இருந்ததுதான் விசாரணையைச் சாம்பல் மையின் பக்கம் திருப்பியது. திறக்கப்படாத மைப் புட்டியிலேயே ‘மைக்கோபாக்டீரியம் செலோனே’ இருந்தது.

நம் நாட்டில் இதே கூட்டத்துக் கிருமிகள் வேறொரு வாசல் வழியாக வருகின்றன. சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்குப் பிறகு, துளை ஆறி மூன்று நான்கு வாரம் கழித்து, அதே இடத்தில் கட்டி எழுந்து நீர் கசியும். இந்திய மருத்துவ இதழ்களில் இத்தகைய நிகழ்வுகள் நிறையப் பதிவாகியுள்ளன. கருவிகளைக் கிருமிநாசினித் திரவத்தில் போதிய நேரம் ஊறவைக்காமலும், ஊறியபின் குழாய்த் தண்ணீரில் அலசியும் பயன்படுத்துவது இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினால் சற்று அடங்கும், பிறகு மறுபடி வெடிக்கும். பலருக்கு அடுத்த கட்டமாகக் காசநோய் மாத்திரை தொடங்கப்படுகிறது. இந்தக் கிருமிகளில் பலவும் அந்த மாத்திரைகளுக்கு அசைவதில்லை.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ‘மைக்கோபாக்டீரியம் மெரைனம்’ 1926இல் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில் கண்டெடுக்கப்பட்டது. 1950களில் சுவீடனில் நீச்சல் குளத்தில் சிராய்த்துக்கொண்டவர்களின் தோலிலும் அது தென்பட்டது. தொட்டியைக் கழுவும்போது விரலில் பட்ட கீறல் வழியே நுழையும். சில வாரத்தில் விரலில் ஒரு முடிச்சு வரும். பிறகு கையின் மேல்பக்கமாக நிணநீர்ப் பாதையில் வரிசையாக அடுத்தடுத்த முடிச்சுகள் எழும். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி வருகிறவர்கள் பயந்து தொட்டியைக் கவிழ்க்க வேண்டாம், கையுறை போட்டுக் கழுவினால் போதும்.

மெரைனத்துக்கு உடம்புச் சூடு பிடிக்காது. முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாக வளரும். விரல், முழங்கை போன்ற குளிர்ச்சியான பகுதிகளோடு அது நின்றுவிடுவதற்கும் அதுவே காரணம். ஆய்வகத்தின் அடைகாப்புப் பெட்டியோ முப்பத்தேழு டிகிரியில் இருக்கும். “வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா?” என்று நோயாளியிடம் கேட்ட மருத்துவர்தான் “முப்பது டிகிரியிலும் ஒன்று வையுங்கள்” என்று லேபுக்குச் சொல்ல முடியும். கேட்காதவருக்கு வருவது ‘வளர்ச்சி இல்லை’ என்ற சீட்டுதான். கண்டுபிடித்துவிட்டால் கிளாரித்ரோமைசினோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துச் சில மாதம் கொடுத்தால் ஆறிவிடும்.

இவற்றுக்கு நேர்மாறாக, நாட்களில் எண்ண வேண்டிய நோயும் ஒன்று உண்டு. அடைப்பான் என்று கால்நடை வளர்ப்போர் சொல்லும் ஆந்த்ராக்ஸ். திடீரென்று செத்துப்போன ஆட்டையோ மாட்டையோ உரித்தவர், அறுத்தவர் கையில் கொப்புளம் எழுந்து, நடுவில் கரிபோலக் கறுத்துப் பொருக்குத் தட்டும். சுற்றிலும் பெரிய வீக்கம், ஆனால் அந்தப் பொருக்கு வலிக்காது. வேலூரையும் ஆந்திர எல்லையையும் ஒட்டிய பகுதிகளிலிருந்து இந்த நோய் நெடுங்காலமாக மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகிறது. தோலோடு நிற்கும்போது சிகிச்சை கொடுத்தால் சாவு அரிது. விட்டுவிட்டால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கலாம். கட்டி என்று நினைத்துக் கீறிவிடக் கூடாது. செத்த விலங்கை அறுத்ததைச் சொல்ல நோயாளி தயங்குவார், இறைச்சி விற்ற விவகாரமும் அதில் கலந்திருக்கும். அதட்டாமல் கேட்கத் தெரிந்தவருக்கே அந்த உண்மை கிடைக்கும்.

இந்த நோய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி ஒன்று மருந்துக் கடையில் இருக்கிறது. படைக்கும் பருவுக்கும் சொறிக்கும் ஒரே டியூப் என்று, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைச் சீட்டில்லாமலே வாங்கலாம். தடவிய மூன்றாம் நாள் சிவப்பு குறையும், மனம் நிம்மதியாகும். ஸ்டீராய்டு அங்கே உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்கியிருக்கிறது. கிருமி உள்ளே நிம்மதியாக வளரும். பல வாரம் களிம்பு பூசிய புண்ணைப் பார்க்கும் மருத்துவருக்கு நோயின் முகமே மாறியிருக்கும். இந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்காமல் அபூர்வ நோய்களைப் பற்றி மாநாடு கூட்டுவதால் பெரிய பயன் இல்லை.

2016 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை மதுரைக் காலைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாக அறிவித்தது. ஜான் கில் எழுதி 174 ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த அறிவிப்புக்கு அதிகம் பாடுபட்டவர்கள் சூடான்காரர்கள். கார்ட்டூம் நகரில் 1991இல் இந்த ஒரு நோய்க்கென்றே ஆராய்ச்சி மையம் தொடங்கிய அகமது ஃபாகல் பல்லாயிரம் நோயாளிகளைப் பார்த்தவர். 2023இல் மூண்ட உள்நாட்டுப் போர் அந்த மையத்தையும் விட்டுவைக்கவில்லை. பெயர் கொடுத்த ஊரில் இப்படி ஒரு மையம் இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்பதை இங்குள்ள ஆட்சியாளர்கள் யோசிக்கலாம்.

அரங்கில் இருப்பவர்களிடம் வேண்டுவது இதுதான். வலிக்காத கட்டியில் நீர் கசிந்தால், மூன்று நான்கு வாரமாகியும் ஒரு புண் ஆறாவிட்டால், களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். முள் குத்தியது, மீன் தொட்டி கழுவியது, பச்சை குத்தியது, அறுவை சிகிச்சை நடந்தது, ஆடு செத்தது என்று எது நடந்திருந்தாலும், ஒரு வருடம் முந்தியதாக இருந்தாலும், அவர் கேட்காமலே சொல்லுங்கள். பயாப்ஸி எடுப்பதென்று முடிவானால் இன்னும் ஒரு சங்கதி. எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்புவது நம் ஊரில் அன்றாடம் நடக்கும் தவறு. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பின் எந்த லேபாலும் அதை வளர்க்க முடியாது. ஒரு துண்டு ஃபார்மலினில் நோய்க்குறியியல் துறைக்கும், இன்னொரு துண்டு கிருமி நீக்கிய உப்புநீரில் கல்ச்சருக்கும் போக வேண்டும். அன்றைக்கு அதைத் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.